மரை ஓட்டையும் ஒரு காரட்டும்

அப்துல் ஹலீம் பாய் சபதம் போட்டால் சும்மா போகிற போக்கில் போட மாட்டார். கையைக் கழுவி, துண்டால் துடைத்து, நாற்காலியை நடுவீட்டுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்துதான் போடுவார். இரண்டாயிரத்து ஆறாம் வருஷம் ஆடி மாசம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அப்படி ஒன்று போட்டார்.

"மெகரு, நல்லாக் கேட்டுக்கோ. ஒன் பொட்டி ஏவாரத்துக்கு இந்த ஹலீம் ஒரு துரும்பத் தூக்கி அங்கிட்டுப் போட மாட்டான். ஒரு பொட்டி, ஒரே ஒரு பொட்டி, என் கையால வாசப்படி தாண்டாது. ஆமா, சொல்லிட்டேன்."

அவர் பெண்டாட்டி மெகருன்னிசா அட்டையில் பசை தடவிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவே இல்லை.

"சரிங்க. கொஞ்சம் காலத் தூக்குங்க, அட்டைய மிதிக்கீக."

இப்படி ஒரு பெரிய சபதத்துக்கு இதுதான் மரியாதையா என்று ஹலீமுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் காலைத் தூக்கிக்கொண்டார்.

பெட்டி வியாபாரம் என்றால் ஒன்றுமில்லை. தீபாவளிக்குப் பட்டாசு கிஃப்ட் பாக்ஸ் வருகிறதல்லவா, அதற்குக் காலிப் பெட்டி ஒட்டிக் கொடுக்கிற வேலை. மெகருன்னிசாவும் அடுத்த வீட்டு வள்ளித்தாயும் கூட்டு. வள்ளித்தாய் பதினெட்டு வருஷம் விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசு கம்பெனியில் பூச்சட்டிக்கு, அதாவது புஸ்வாணத்துக்கு, மண் அடைத்தவள். இடுப்பு வலி தாங்காமல் நின்றுவிட்டாள். இரண்டு பேரும் சேர்ந்து, நடுவில் ஏஜெண்டு இல்லாமல் தாங்களே கம்பெனியில் ஆர்டர் பிடிப்பது என்று கிளம்பியிருந்தார்கள். சாம்பிளைக் கொண்டுபோய்க் காட்ட ஆள் வேண்டும். வீட்டில் ஒரு மொபெட் இருந்தது. அதை ஓட்டத் தெரிந்த ஹலீமும் இருந்தார்.

"ஒரு எட்டு போயிட்டு வந்துருங்களேன்," என்று கேட்டுப் பார்த்தாள். அதற்குத்தான் அந்தச் சபதம். மெயின் பஜாரில் முப்பது வருஷம் வத்தல் கடை வைத்திருந்த மனுஷன் வெறும் அட்டைப் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போவதா? மானம் என்று ஒன்று இருக்கிறதா இல்லையா?

மானத்தை விடவும் பெரிய காரணம் வாசலில் நின்றது. ஒரு பழைய டீசல் வேன்.

கடையை மகன் தவுபிக்கிடம் விட்ட பிறகு ஹலீமுக்குக் கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. இரும்பு விலைக்கு அந்த வேனை வாங்கிப் போட்டார். எஞ்சினைப் பிரித்தால் பிளாக் என்கிற அதன் உடம்பே விரிசல். பழைய இரும்புக் கடையில் வேறொரு பிளாக்கைத் தேடி எடுத்து, ஒரு புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, நாலு மாசமாகத் தன் கையாலேயே கோர்த்தார். கோர்த்து முடித்தபோது மூணு வாசரும் ஒரு ஸ்பிரிங்கும் மிச்சம் இருந்தன. அவற்றை யாருக்கும் தெரியாமல் பரணில் வைத்துவிட்டார்.

அத்தோடு நின்றிருக்கலாம். மெகருன்னிசாவின் தம்பி முகம்மது ரியாஸுக்குப் போன் போட்டார். ரியாஸுக்கு மதுரையில் சொந்த ஒர்க்‌ஷாப்.

"மச்சான், வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு பஸ்ஸ விட்டு இறங்கு. ஸ்டாண்டுல என் வேனோட நிக்கேன். நிக்கலேன்னா வண்டிய நீயே இழுத்துட்டுப் போயிரு. நான் வாயத் திறந்தா கேளு."

மச்சான் போனில் சிரித்த சிரிப்பு ஹலீமின் காதைவிட்டுப் போகவே இல்லை.

திங்கட்கிழமை காலையில் எஞ்சினுக்கு ஆயில் ஊற்றினார். சாவியைத் திருகுமுன் பிள்ளையைக் குளிப்பாட்டித் துவட்டுவதுபோல் பழந்துணியால் எஞ்சினை ஆசையாகத் துடைத்தார். துணி எங்கேயோ மாட்டிக்கொண்டது. குனிந்து பார்த்தார்.

எஞ்சினின் இடுப்பில் ஓர் ஓட்டை.

சுண்டுவிரல் நுழையும். உள்ளே அழகாக மரை வெட்டியிருந்தது. ஏதோ ஒன்றைத் திருகி மாட்டத்தான் செய்திருக்கிறான். என்னத்தை? பழைய பிளாக்கில் இந்த இடம் மொழுமொழுவென்று இருந்தது அவருக்கு நன்றாக ஞாபகம். புத்தகத்தில் முன் படம், பின் படம், பக்கவாட்டுப் படம் எல்லாம் பார்த்தார். எந்தப் படத்திலும் அப்படி ஒரு ஓட்டை இல்லை.

விரலை விட்டுப் பார்த்தார். ஊதிப் பார்த்தார். காதை வைத்துக்கூடப் பார்த்தார். சூடு பார்க்கிற கருவி மாட்டுகிற இடமோ? ஆயில் போகிற வழியோ? இல்லை, செய்தவனே தெரியாமல் போட்டதோ? எதுக்குடா நீ இருக்கே என்று ஓட்டையிடமே கேட்டார்.

அதற்குப் பிறகு வீட்டில் இருந்த போல்ட்டு எல்லாம் ஒவ்வொன்றாக வாசலுக்கு வந்தன. கட்டில் போல்ட்டு வந்தது. ஃபேன் போல்ட்டு வந்தது. தையல் மிஷினின் அடிக்கால் போல்ட்டும் வந்தது. சில உள்ளே போய்த் தொளதொளவென்று ஆடின. சில ரெண்டு சுற்றுச் சுற்றி மாட்டேன் என்று நின்றன.

"என்னங்க, கட்டிலு ஆடுதே," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"கட்டிலுக்கு வயசாயிருச்சு."

"காலைல வரைக்கும் ஆடலியே?"

"வயசு என்ன சொல்லிட்டா வரும்?"

மெகருன்னிசா வாசலுக்கு வந்து பார்த்தாள். சாக்கு விரித்து அதன்மேல் தன் குடும்பத்துப் போல்ட்டுகள் எல்லாம் வரிசையாகக் கிடந்தன. ஓட்டையையும் பார்த்தாள். புருஷன் முகத்தையும் பார்த்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அப்போதுதான் ஹலீமுக்கு அந்த யோசனை பிறந்தது. பட்டாசு வாசனை அறியாத வேறு ஊர்க்காரனுக்கு அப்படி ஒரு யோசனை வந்திருக்காது.

"வள்ளித்தாயி! பூச்சட்டிக்கு அடைப்பீகளே, அந்த மண்ணு வீட்ல இருக்கா?"

"இருக்கு பாய். அடுப்பு மொழுகக் கொஞ்சம் வச்சிருக்கேன். எதுக்கு?"

"கந்தகத்தையே தாங்குற மண்ணு, கேவலம் ஆயிலத் தாங்காதா?"

வள்ளித்தாய் வாயைத் திறப்பதற்குள் ஒரு கிண்ணம் மண்ணை வாங்கி, லேசாக ஈரமாக்கி, ஓட்டைக்குள் திணித்து, சுத்தியலால் தட்டித் தட்டி இறுக்கிவிட்டார். சும்மா சொல்லக்கூடாது, பார்வைக்கு அம்சமாகத்தான் இருந்தது. சாவியைத் திருகினார். எஞ்சின் இருமிற்று, தும்மிற்று, பிறகு கடகடவென்று ஓட ஆரம்பித்தது. நாலு மாச உழைப்பு! ஹலீமுக்குக் கண் கலங்கிவிட்டது.

ஒரு முப்பது எண்ணியிருப்பார். 'புஸ்' என்று ஒரு சத்தம். மண்ணடைப்பு பறந்துபோய் எதிர்ச்சுவரில் அடித்தது. பின்னாலேயே ஆயில் கறுப்பாக ஆளுயரத்துக்குச் சீறி எழுந்து, கொடியில் காய்ந்த வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கைலி, வெள்ளைத் தொப்பி மூன்றின் மேலும் பூவாகச் சொரிந்தது. மூன்றும் அவருடையவைதான்.

எஞ்சினை அணைத்துவிட்டு ஆயில் சொட்டச் சொட்ட நின்றவரை வள்ளித்தாய் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"பாய், தப்பா நெனைக்காதீக. நாங்க மண்ணு அடைக்கிறது சட்டிக்கு அடியில. மேல வாய் தெறந்திருக்கும், வாரதெல்லாம் அது வழியாப் போயிரும். நீக இருக்குற ஒரே வாயவும் அடைச்சா அது என்னதான் செய்யும்?"

"அட, சிரிக்காதீக," என்றார் ஹலீம். அவள் சிரிக்கவில்லை. சிரித்தது உள்ளே மெகருன்னிசா.

ஆக, அது ஆயில் வருகிற ஓட்டை என்பது தெரிந்துபோயிற்று. அடைக்காமல் ஓட்ட முடியாது. அளவு தெரியாமல் அடைக்க முடியாது. ஹலீம் யோசித்தார். அடுப்பங்கரையில் போய் ஒரு காரட்டை எடுத்து வந்தார். ஓட்டையில் வைத்து அழுத்தித் திருகி வெளியே எடுத்தார். காரட்டின் உடம்பில் மரை அச்சு வரிவரியாக விழுந்திருந்தது. அடடா, இந்த மூளைக்கு நான் வத்தல் கடையில் உட்கார்ந்திருந்தேனே என்று தன்னையே மெச்சிக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை காலையில் இட்லி வைக்கும்போது மெகருன்னிசா தானாகவே ஆரம்பித்தாள்.

"ஆமத்தூர்ல லட்சுமிகாந்தம்னு ஒருத்தர் லேத்துப் பட்டறை வச்சிருக்காராம். மரையப் பாத்தாலே அளவு சொல்லிருவாராம். வள்ளித்தாயி சொன்னா."

"அப்படியா!"

"போறதுன்னா, அங்கன பேச்சியம்மாள்னு வள்ளித்தாயிக்குச் சொந்தக்காரி. அவுக வீட்டுல இந்தத் துணி மூட்டையக் குடுத்துருங்க. பழைய சேலை."

ஹலீம் மூட்டையைச் சந்தேகமாகப் பார்த்தார். "பொட்டி கிட்டி இல்லியே?"

"தொட்டுப் பாருங்க. சேலையில்லாம என்ன?"

தொட்டுப் பார்த்தார். மேலே சேலைதான். மொபெட்டில் கட்டிக்கொண்டு கிளம்பினார். ஆமத்தூர் போகிற வழியில் ஒரு தடவை யோசனை வந்தது. இம்புட்டுப் பெரிய சேலை மூட்டை இம்புட்டு லேசாவா இருக்கும்? ஆனால் அவர் தலைக்குள் ஓட்டை ஒன்றுதான் இருந்தது. வேறு எதற்கும் அங்கே இடமில்லை.

லட்சுமிகாந்தம் காரட்டைக் கண்ணாடி போட்டுப் பார்த்தார்.

"இது எந்த எஞ்சினு?"

"அதத் தெரிஞ்சிக்கத்தான வந்திருக்கேன்."

"காரட்டு மேல பெருசு, கீழ சிறுசு. நான் எந்த இடத்த அளக்குறது?"

"நடுவுல அளங்க."

அவர் நடுவில் அளந்து ஒரு போல்ட்டுக் கடைந்து கொடுத்தார். பேச்சியம்மாள் வீட்டில் மூட்டையைக் கொடுத்தபோது அந்த அம்மாள் அதை வாங்கி உள்ளே கொண்டுபோய், கொஞ்ச நேரம் கழித்து வேறொரு மூட்டையைக் கொண்டுவந்தாள். "வள்ளித்தாயி மதினிகிட்ட குடுத்துருங்க பாய். நல்லாருக்குன்னு சொல்லுங்க." அந்த மூட்டை கல்லாகக் கனத்தது. வீட்டுக்கு வந்து போல்ட்டை மாட்டினால் ரெண்டு சுற்று. நின்றுவிட்டது.

புதன்கிழமை காலையில் காரட்டைக் காணோம்.

"மெகரு, ஜன்னல்ல வச்சிருந்த காரட்டு எங்க?"

"நேத்து ராத்திரி குருமா நல்லாருக்குன்னு ரெண்டு தடவ வாங்கிச் சாப்பிட்டீகளே."

ஹலீம் வேறொரு காரட்டில் அச்சு எடுத்துக்கொண்டார். இந்த முறை விஸ்வநத்தம். அங்கே வள்ளித்தாய் வேலை பார்த்த கம்பெனியில் கருப்பணன் என்று ஒரு ஃபிட்டர், பத்து வாளி போல்ட்டு சேர்த்து வைத்திருக்கிறாராம். போகிறதுதான் போகிறீர்கள், மேனேஜருக்கு இந்தப் பார்சல் என்று மெகருன்னிசா ஒன்றை நீட்டினாள். "வள்ளித்தாயி மக பானுப்பிரியாவுக்குச் சடங்கு வருது, அதுக்கு வெத்தல பாக்கு." காகிதம் சுற்றி நூல் கட்டியிருந்தது. அதுவும் லேசாகத்தான் இருந்தது. ஹலீம் எதையும் கேட்கவில்லை. ஓட்டை எதுக்கு, ஓட்டை எதுக்கு என்று மொபெட்டின் தாளத்துக்கே அவர் மனசு அடித்துக்கொண்டிருந்தது.

கருப்பணன் வாளி வாளியாகக் கொட்டிப் பார்த்து ஒன்பது போல்ட்டுக் கொடுத்தார். மேனேஜர் பார்சலோடு உள்ளே போனவர் திரும்பி வந்து ஹலீமின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ரொம்ப நேர்த்தி பாய்." ஒரு வெற்றிலை பாக்கு வைத்ததில் அப்படி என்ன நேர்த்தி என்று ஹலீமுக்கு விளங்கவில்லை. ஒன்பது போல்ட்டில் அஞ்சு ஆடின. நாலு ரெண்டு சுற்றோடு நின்றன.

வியாழக்கிழமை சிவகாசி. அங்கே ஒரு பழைய ஸ்பேர்ஸ் கடை, போகிற வழியில் ஒரு அச்சாபீசுக்கு ஒரு கவர். அங்கே காரட்டுக்கு ஒத்த போல்ட்டே கிடைக்கவில்லை. சாயங்காலம் திரும்பி வந்து வேன் பக்கத்தில் சாக்கு விரித்து உட்கார்ந்தார். நாளைக்கு அஞ்சு மணிக்கு மச்சான் வருவான். கையைக் கட்டிக்கொண்டு சிரிப்பான். கயிறு கட்டி வேனை இழுத்துக்கொண்டு மதுரைக்குப் போய்விடுவான். நாலு மாசம். ஒவ்வொரு வால்வையும் தன் கையால் தேய்த்தது. ஹலீமுக்கு உண்மையாகவே அழுகை வந்தது. துண்டால் மூக்கைச் சிந்திக்கொண்டார்.

மெகருன்னிசா டீ கொண்டுவந்து வைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்தாள். முந்தானையை அவிழ்த்து, அதிலிருந்து விரல்மொத்தத்தில் ஓர் இரும்புத் துண்டை எடுத்தாள். தலை சதுரம், உடம்பெல்லாம் மரை. மரை மேல் வெள்ளை டேப்புச் சுற்றியிருந்தது.

"இதப் போட்டுப் பாருங்க."

"இது எதுக்கு? அலைஞ்சு வாங்கி வந்ததே பத்துப் போல்ட்டு பாத்தாச்சு."

"பதினொண்ணாப் பாருங்களேன்."

வைத்துத் திருகினார். ஒரு சுற்று. ரெண்டு. மூணு. நாலாவது சுற்றில் லேசாக இறுகிற்று. ஸ்பேனரைப் போட்டார். ஓட்டைக்கென்றே பிறந்ததுபோல் சிக்கென்று உட்கார்ந்துகொண்டது. சாவியைத் திருகினார். முப்பது எண்ணினார். முந்நூறு எண்ணினார். துணியை வைத்துத் துடைத்துப் பார்த்தார். ஒரு சொட்டு இல்லை.

"யா அல்லாஹ்!" என்று ஹலீம் எழுந்து நின்று பெண்டாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டார். தெருவே பார்த்தது. அவருக்கு வெட்கமாகவே இல்லை.

வெள்ளிக்கிழமை காலையில் தெருவை மூன்று தடவை வேனில் சுற்றி வந்தார். ஜும்மாவுக்கு வேனிலேயே போனார். ரெண்டு தெரு தள்ளித்தான் பள்ளிவாசல். மத்தியானம் பிரியாணியை முடித்து, கையைக் கழுவி, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்த பிறகுதான் கேட்கவேண்டியதைக் கேட்கத் தோன்றிற்று.

"ஆமா மெகரு, அந்த இரும்பு எங்கன கெடச்சுச்சு?"

"பஜார்ல, பைப்புக் கடையில."

"பைப்புக் கடையிலயா?"

"தண்ணி பைப்பு வாயில போடுற டம்மிங்க அது. ஒழுகுற ஓட்டைன்னா பைப்புக் கடைக்குத்தான போவாக?"

ஹலீம் வாயைப் பிளந்தார். "அளவு?"

சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து வள்ளித்தாயின் குரல் வந்தது. "நான்தான் பாய் எடுத்தேன். ஓட்டையில மண்ண அடைச்சு, நடுவுல குச்சியச் செருகி, காய விட்டுத் திருகி எடுத்தேன். பாத்தா, நேரா இல்ல. பூச்சட்டி கணக்கா வாய் அகலம், அடி ஒடுக்கம். நேரான போல்ட்டு எப்படிப் போகும்? பைப்பு மரைதான் அப்படி ஒடுங்கிப் போகும்னு கடைக்காரரு சொன்னாரு."

"என் காரட்டும் அப்படித்தான ஒடுங்குச்சு!"

"காரட்டு எப்பவுமே ஒடுங்கித்தான பாய் இருக்கும்," என்றாள் வள்ளித்தாய்.

ஓட்டை ஒடுங்குகிற விஷயத்தைக் காரட்டு மறைத்துவிட்டது. லட்சுமிகாந்தம் கேட்டதும் அதைத்தான். சரி, போகட்டும். ஆனால் இன்னொரு விஷயம் ஹலீமுக்கு இடித்தது.

"இதெல்லாம் எப்ப நடந்துச்சு?"

"நீங்க ஆமத்தூர் போனீகள்ல, அன்னைக்கு."

"செவ்வாக்கிழமையா!" ஹலீம் நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டார். "செவ்வாக்கிழமையே இது ஒன் முந்தானையில இருந்துச்சா? அப்ப என்னைய எதுக்கு விஸ்வநத்தத்துக்கு அனுப்புனே? அந்த மேனேஜர் எதுக்கு என் கையக் குலுக்குனான்? அந்தப் பார்சல்ல என்ன இருந்துச்சு?"

மெகருன்னிசா தட்டுகளை அடுக்கிக்கொண்டே அமைதியாகச் சொன்னாள்.

"சாம்பிள் பொட்டிங்க. மடிச்சு வச்சிருந்தேன். ஆமத்தூர்லயும் அதான். பேச்சியம்மா அட்டை குடுத்துவிட்டாக. சிவகாசி அச்சாபீசுக்கு லேபிள் மாதிரி. உங்க முகத்துக்கு மூணு எடத்துலயும் காரியம் முடிஞ்சிருச்சு, கம்பெனியில ஆர்டரே குடுத்துட்டாக. பஜார்ல முப்பது வருஷம் கடை வச்ச மனுஷன் நேர்ல வந்தா சும்மாவா?"

"என்னைய ஏமாத்திட்டியே மெகரு!"

"அன்னைக்கே குடுத்திருந்தா அன்னைக்கே வண்டில ஏறி உக்காந்திருப்பீக. விஸ்வநத்தம் போயிருப்பீகளா?"

போயிருக்க மாட்டார். அது அவருக்கே தெரியும். ஆனாலும் கோபம் வந்தது. கத்துவதற்கு வாயைத் திறந்தார். ஜன்னல் வழியாக வேன் தெரிந்தது. அதன் உள்ளே அந்த ஓட்டை. அடைபட்ட ஓட்டைதான். ஆனாலும் என்ன ஓட்டை அது? தண்ணீர் பைப்பின் மரையை எஞ்சினில் எவன் வெட்டினான்? அந்த இடத்தில் முதலில் என்ன இருந்தது? கோபம் பாதி வழியிலேயே நின்றுபோய், அந்த இடத்தில் வேறொன்று குறுகுறுவென்று ஊர ஆரம்பித்தது.

"அது கெடக்கட்டும்," என்றார். "ஒண்ணே ஒண்ணு சொல்லு. அந்த ஓட்டை எதுக்கு?"

"எனக்கு எப்படிங்க தெரியும்? பழைய இரும்புக் கடையில கேட்டேன். அந்த பிளாக்கு காரியாபட்டி சின்னச்சாமி வண்டியில இருந்து கழட்டுனதாம். அதுல என்ன மாட்டியிருந்துச்சுன்னு அவருக்குத்தான் தெரியுமாம்."

ஹலீம் பெண்டாட்டியின் முகத்தை உற்றுப் பார்த்தார். இந்தத் தடவை அவர் ஏமாறத் தயாராக இல்லை.

"சின்னச்சாமி என்ன ஏவாரம்?"

மெகருன்னிசா ஒளிக்கவில்லை. "தீபாவளிச் சீட்டு பிடிக்காரு. சீட்டுக்கு ஒரு பட்டாசுப் பொட்டி குடுக்கணுமாம். ஒட்டி அடுக்கி ரெடியா வச்சிருக்கேன். ரியாஸு வர அஞ்சு மணி ஆகும். இப்ப ரெண்டுதான்."

ஹலீம் கடிகாரத்தைப் பார்த்தார். கூரை வரைக்கும் அடுக்கியிருந்த பெட்டிகளைப் பார்த்தார். ஜன்னல் வழியாக வேனைப் பார்த்தார். ஆணியில் தொங்கிய சாவியைக் கையில் எடுத்தார்.

"மொத்தம் எத்தன பொட்டி?" என்றார்.